புரை மூடிய கண்ணும் பிடிப்பிழந்த மனமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாழும் 72 வயதுப் பெண்மணிக்கு இரு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. கூடவே கடுமையான மனச்சோர்வும் இருந்தது. அவர் எங்களிடம் வந்தது முதல் ஏறக்குறைய ஓராண்டு வரை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நான் அந்த வட்டாரத்தில் பொது மருத்துவர். அறுவை சிகிச்சையைக் கண் மருத்துவரும், மனநல சிகிச்சையை மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா மருத்துவமனைக்கு வரும் மருத்துவரும் செய்தார்கள். அவரும் குடும்பத்தாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை ஆச்சி என்றே குறிப்பிடுகிறேன்.

பின்னணி

ஆச்சி சிறுமியாக இருந்தபோதே பீடி சுற்ற உட்கார்ந்தவர். முறத்தை மடியில் வைத்து, ஊறிய இலையைத் தகட்டளவுக்கு வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டுவது ஐம்பது ஆண்டுக்கு மேல் அவருடைய அன்றாடம். நாளைக்கு ஆயிரம் சுற்றிய காலமும் உண்டு. மகளின் கல்யாணம், மகனின் படிப்பு, ஓட்டு வீடு தளவீடானது எல்லாம் அந்த முறத்திலிருந்து வந்த காசு. கணவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். மகனுக்குக் கேரளத்தில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை ஊருக்கு வருவார். வீட்டில் மருமகளும் பள்ளியில் படிக்கும் பேத்தியும் இருக்கிறார்கள். மருமகளும் பீடி சுற்றித்தான் குடும்பத்தை ஓட்டுகிறார்.

கண் மங்குவதை முதலில் கண்டுபிடித்தது பீடிக் கடைதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆச்சியின் பீடிகளில் கழிவு கூடியது. இலையின் நரம்பு கண்ணுக்குத் தெரியாமல் குறுக்கே வெட்டியிருக்கிறார், நூல் தளர்ந்திருக்கிறது. வெயிலில் கண் கூசியது, இரவில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. ஓர் இலவச முகாமில் பார்த்து, புரை இருக்கிறது, அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்று சீட்டும் கொடுத்துவிட்டார்கள். அப்போது கணவர் படுக்கையில் இருந்தார். "இன்னும் முத்தலை, முத்துனப் பொறவு பாத்துக்கிடலாம்" என்று உறவினர்கள் சொன்னார்கள். சீட்டு பெட்டிக்குள் போய்விட்டது.

புரை முற்ற வேண்டும் என்ற எண்ணம் காரணமில்லாமல் வந்ததல்ல. செயற்கை லென்ஸ் வருவதற்கு முன் கண்ணின் வில்லையை முழுதாக எடுத்துவிட்டு, சோடா பாட்டில் அடிப்பாகம்போல் தடித்த கண்ணாடியைக் கொடுத்தார்கள். அந்தப் பார்வை ஓரளவுதான் உதவும் என்பதால், இருக்கும் பார்வை நன்றாகக் குறையும்வரை காத்திருப்பது அன்று நியாயமாக இருந்தது. இன்று வில்லையின் உறைக்குள்ளேயே புதிய லென்ஸை வைக்கிறார்கள், அதனால் காத்திருப்பதில் ஒரு பலனும் இல்லை. முற்றி இறுகிய புரையை எடுப்பதுதான் கடினம். மருத்துவம் மாறிவிட்டது, அது மாறிய செய்தி மட்டும் திண்ணைகளுக்கு வந்து சேரவில்லை.

கணவர் இறந்தபின் ஆச்சி முறத்தைத் தொடவில்லை. பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. எல்லாவற்றையும் வீட்டார் அந்தச் சாவின் கணக்கில் எழுதினார்கள். துக்கம் உண்மையானது, ஆனால் அதே மாதங்களில் கண்ணும் மூடிக்கொண்டே வந்ததை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

முதல் சந்திப்பில் கண்டது

மருமகள் அழைத்து வந்தது உடம்பு வலிக்கும் தூக்கமின்மைக்கும்தான். அதற்கு முந்தைய வாரம் புழக்கடைப் படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியிருந்தது, எலும்பு முறியவில்லை. ஓராண்டில் அவர் எடை ஏழு கிலோ குறைந்திருந்தது. கொண்டுவந்த மஞ்சப்பையில் மூன்று வகை மாத்திரைகள் இருந்தன. ஒன்று, டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த ரத்த அழுத்த மாத்திரை. இன்னொன்று வலிக்கும் தூக்கத்துக்கும் எப்போதோ எழுதித் தந்த அமிட்ரிப்டிலின். மூன்றாவது ஆல்ப்ரசோலம், பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் மாத்திரை. பழைய அட்டையைக் காட்டிக் காட்டியே அதை வாங்கியிருக்கிறார்கள்.

கேட்ட கேள்விக்கு ஆச்சி நிமிரவில்லை, குரல் வந்த திசைக்குக் காதைத்தான் திருப்பினார். தண்ணீர்த் தம்ளரை நீட்டியபோது அவர் கை காற்றில் தேடியது. மருமகள் உடனே தம்ளரைக் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். பலகாலப் பழக்கத்தில் வந்த அசைவு அது. அவர் எவ்வளவு குறைவாகப் பார்க்கிறார் என்பது வீட்டுக்கே முழுதாகத் தெரியாமல் போனதற்கு இத்தகைய கவனிப்பும் ஒரு காரணம்.

மருமகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசினேன். "நான் என்னத்துக்கும்மா இருக்கேன்? ஒரு வேல செய்ய முடியல. அவ சம்பாதிச்சுப் போடுதா, நான் தின்னுட்டுக் கெடக்கேன்" என்றார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைக்காது. மறைத்து வைத்திருந்ததைச் சொல்ல வழி கிடைக்கும், அவ்வளவுதான். "சாமி கூப்பிட்டாப் போதும். நானா எதும் செஞ்சுக்கிட மாட்டேன்" என்றார். திட்டம் எதுவும் இல்லை, ஆனால் வாழும் விருப்பம் வற்றியிருந்தது. அன்றே மருமகளிடம் இரண்டு காரியம் சொன்னோம். வீட்டில் மிச்சமிருந்த பூச்சிமருந்தை வெளியேற்ற வேண்டும், மாத்திரைகள் மருமகளின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

முதியோருக்கான 15 கேள்வி மனச்சோர்வு அளவுகோலை வாசித்துக் காட்டியே பதில் வாங்கினோம். 12 வந்தது. ஐந்துக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். ஆனால் பார்வையிழந்தவரிடம் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளியே போவதைவிட வீட்டில் இருக்கவே விருப்பமா, பழைய வேலைகளை விட்டுவிட்டீர்களா என்ற கேள்விகளுக்கு மனம் நன்றாக இருப்பவரும், கண் தெரியாவிட்டால், ஆமாம் என்றுதான் சொல்வார். அதனால் கண்ணோடு ஒட்டாத கேள்விகளைத் தனியாகப் பார்த்தோம். வாழ்க்கை வெறுமையாக இருக்கிறதா, பயனற்றவராக உணர்கிறீர்களா, இனி நம்பிக்கை இல்லை என்று தோன்றுகிறதா என்ற அத்தனைக்கும் ஆமாம் என்றார். மனச்சோர்வு இருக்கிறது என்பதில் எங்களுக்கு ஐயம் நீங்கியது.

மறதி நோயா என்ற ஐயம்

மகனுக்குப் பெரிய பயம் இதுதான். தெருவில் எதிரே வருபவரைத் தெரியவில்லை, குழம்புக்கு இரண்டுமுறை உப்புப் போட்டார், பேத்தியின் சட்டையைத் தன் துண்டென்று எடுத்தார் என்று தொலைபேசியில் அடுக்கினார். மறதியைச் சோதிக்கும் வழக்கமான தாள்களில் எழுத்தை வாசிப்பதும் படத்தைப் பார்த்து வரைவதும் உண்டு. கண் தெரியாதவரிடம் அவற்றுக்கு மதிப்பெண் போட்டால் அவரை மறதி நோயாளி ஆக்கிவிடுவோம். பார்வை தேவைப்படும் பகுதிகளை விட்டுவிட்டு மற்றவற்றைக் கேட்டோம். கிழமை, தமிழ் மாதம், சொன்ன மூன்று சொற்களைச் சற்று நேரம் கழித்துத் திரும்பச் சொல்வது என எதிலும் பெரிய பிழை இல்லை. பி.எஃப். பணம் வந்த ஆண்டு, அதில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்பது வரை சொன்னார். ஆளைத் தெரியாமல் போனது கண்ணால்தான்.

அந்தியில் வரும் பிள்ளைகள்

இதை ஆச்சி இரண்டாவது வருகையில்தான் சொன்னார். மருமகள் சொன்னது வேறு. பொழுது சாயும் நேரத்தில் ஆச்சி ஆட்டுக்கல் பக்கம் பார்த்துக் கையை வீசி எதையோ விரட்டுகிறார் என்றும், காத்து கருப்பாக இருக்குமோ என்று கோடாங்கியிடம் போய் வந்தார்கள் என்றும் சொன்னார்.

கண் மங்கியவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிவதுண்டு, அது பைத்தியம் இல்லை, உங்களுக்கும் அப்படி உண்டா என்று ஆச்சியிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், பிறகு தெளிவாகச் சொன்னார்: "செவப்புச் சட்ட போட்ட ரெண்டு மூணு பிள்ளைய. ஆட்டுக்கல்லுப் பக்கம் நிக்கும். பேசாது. இல்லன்னு எனக்கே தெரியும். கிட்டப் போனாப் போயிரும்." இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் கட்டிப்போட்டுவிடுவார்களோ என்று பயந்திருக்கிறார்.

மருத்துவத்தில் இது சார்லஸ் பொனே நோய்க்குறி. சுவிட்சர்லாந்தின் இயற்கை ஆய்வாளர் சார்லஸ் பொனே 1760-இல் தம் தாத்தாவிடம் கண்டதை எழுதியதால் வந்த பெயர். 89 வயதான அந்தத் தாத்தாவுக்கும் இரு கண்ணிலும் புரை. புத்தி தெளிவாக இருந்த அவருக்கு ஆட்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்தன. கண்ணிலிருந்து வரும் தகவல் குறையும்போது மூளையின் பார்வைப் பகுதி தானே உருவங்களை எழுப்புகிறது என்பதே இன்றைய விளக்கம்.

பெயர் தெரிந்ததும் முடிவுக்கு வந்துவிடவில்லை. அமிட்ரிப்டிலின் முதியவர்களுக்கு மனக்குழப்பத்தையும் இல்லாத தோற்றங்களையும் தரக்கூடியது, எனவே அதை முதலில் நிறுத்தினோம். மாயத்தோற்றத்தோடு வரும் ஒருவகை மறதி நோயில் உடல் இறுக்கமும், ஒரு நாள் தெளிவு மறுநாள் குழப்பம் என்ற ஏற்ற இறக்கமும் இருக்கும். அவை ஆச்சியிடம் இல்லை. குரல் எதுவும் கேட்கவில்லை, உருவங்கள் பொய் என்பது அவருக்கே தெரியும். மாத்திரையை நிறுத்திய பிறகும் பிள்ளைகள் வந்தார்கள். மனப்பிறழ்வுக்கான மருந்து தேவையில்லை என்று மனநல மருத்துவரும் உறுதி செய்தார். மருமகளையும் பேத்தியையும் உட்காரவைத்து இதை விளக்கியபோது ஆச்சி முகம் தளர்ந்தது. அவருக்கு அன்று கொடுத்தவற்றில் இந்த விளக்கமே பெரிய மருந்து என்று இன்றும் நினைக்கிறேன்.

கண்ணின் நிலை

வலக்கண்ணில் பாப்பா முழுக்க வெள்ளை. முகத்துக்கு முன் கை அசைவது மட்டும் தெரிந்தது. இடக்கண்ணில் பழுப்பேறிய புரை, பார்வை 6/60, அதாவது நல்ல கண் 60 மீட்டரில் காண்பதை 6 மீட்டரில்தான் காண முடியும். இருட்டறையில் டார்ச்சை மேலும் கீழும் இடமும் வலமும் காட்டி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டபோது இரு கண்ணாலும் நான்கு திசையையும் சரியாகச் சொன்னார். விழித்திரையும் நரம்பும் வேலை செய்கின்றன என்பதற்கு அது நல்ல அறிகுறி. வெள்ளைப் புரை மறைத்ததால் வலக்கண்ணின் உட்புறத்தை ஸ்கேனில் பார்த்தார்கள், விழித்திரை அதன் இடத்தில் இருந்தது. இரு கண்ணிலும் பார்வை திரும்ப வாய்ப்பு உண்டு என்று கண் மருத்துவர் சொன்னார்.

இந்தியாவில் 50 வயது தாண்டியவர்களின் பார்வையின்மையில் 66.2 விழுக்காடு கண்புரையால்தான் என்று 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டம் 1976-இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண் சிகிச்சை கிடைப்பதில் தமிழ்நாடு மற்ற பல மாநிலங்களைவிட நல்ல நிலையில் இருக்கிறது. ஆச்சியின் தெருமுனைக்கே முகாம் வண்டி வந்து போகிறது. அப்படியும் அவர் மூன்றாண்டுக்கு மேல் இருட்டில் இருந்தார் என்பதால், தடையை வீட்டுக்குள்ளும் மனத்துக்குள்ளும்தான் தேட வேண்டியிருந்தது.

எடுத்த முடிவுகள்

கண்ணைச் சரி செய்தால் மனம் தானே சரியாகும் என்று காத்திருக்கவும் இல்லை, மனம் தேறட்டும், பிறகு கண் என்று தள்ளவும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கினோம். சோர்ந்த மனம் அறுவை சிகிச்சையை மறுக்கும், மறுத்தால் இருட்டு தொடரும், இருட்டு சோர்வைக் கூட்டும். இந்த வளையத்தை எங்கே பிடித்தாலும் இரு பக்கமும் பிடிக்க வேண்டும்.

மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கான செர்ட்ராலினைக் குறைந்த அளவில், 25 மில்லிகிராமில் தொடங்கினார். முதியவர்களுக்கு இந்த வகை மருந்து ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கலாம். ஹைட்ரோகுளோரோதையசைடும் அதையே செய்யும் என்பதால் ரத்த அழுத்த மாத்திரையை முதலிலேயே மாற்றினோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோது சோடியம் 136-லிருந்து 133-க்குத்தான் வந்திருந்தது, அதன்பின் மேலும் இறங்கவில்லை. மருந்து 50 மில்லிகிராமானது. ஆல்ப்ரசோலத்தை ஒரே நாளில் நிறுத்தாமல் பாதி, கால் என்று சில வாரங்களில் விடவைத்தோம். கண் தெரியாதவர் இரவில் அந்த மயக்கத்தோடு எழுந்து நடப்பது விழுவதற்கு வழி. தைராய்டு சரியாக இருந்தது, ரத்தசோகை கொஞ்சம் இருந்தது, அதற்கும் மாத்திரை தந்தோம்.

வீட்டில் சில மாற்றங்களைச் சமூகப் பணியாளர் செய்தார். நடையில் இருந்த ஜீரோ வாட் பல்பை எடுத்துவிட்டு நல்ல வெளிச்சமான எல்.இ.டி. போட்டார்கள். புழக்கடைப் படியின் விளிம்பில் வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்தார்கள். பளபளக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு ஆச்சிக்குத் தெரியவே இல்லை, கை துழாவித்தான் சாப்பிட்டு வந்தார். கரும்பச்சைத் தட்டு வாங்கிய பிறகு சோறு எங்கே, காய் எங்கே என்று இடக்கண்ணுக்குப் புலப்பட்டது. சாப்பாடு கூடியதற்கு மாத்திரையும் இதுவும் சேர்ந்தே காரணம்.

வேலை இல்லாததுதான் அவரை அதிகம் வதைத்தது. கண் இல்லாமலும் செய்யக்கூடியது எது என்று மருமகளே யோசித்தார். சுற்றிய பீடிகளை எண்ணிக் கட்டாக்குவதற்கு விரல் போதும். மாலையில் அதை ஆச்சியிடம் கொடுத்தார். எண்ணிக்கை ஒருநாளும் தப்பவில்லை.

மறுப்பும் அதன் காரணங்களும்

அறுவை சிகிச்சை என்றதும் ஆச்சி வேண்டாம் என்றார். "போற உசுருக்குக் கண்ணு எதுக்கு?" மகன் கேரளத்திலிருந்து பேசினார்: "நான் கையெழுத்துப் போடுதேன் டாக்டரம்மா. தூக்கிட்டுப் போயிருங்க." அவருடைய தவிப்பு புரிந்தது, ஆனாலும் மறுத்தோம். ஆச்சிக்குச் சொன்னது புரிகிறது, நினைவில் நிற்கிறது, நன்மை தீமையை எடைபோடத் தெரிகிறது. அப்படிப்பட்டவரின் கண்ணுக்கு அவர்தான் சம்மதம் தர வேண்டும். மனநோய் இருக்கிறது என்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் தகுதியை இழந்துவிடுவதில்லை என்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் அடிப்படை. நடைமுறைக் காரணமும் உண்டு. கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, முகத்தைத் துணியால் மூடி, அவர் விழித்திருக்கும்போதே செய்யும் சிகிச்சை இது. மனமில்லாதவரை அசையாமல் படுக்கவைக்க முடியாது.

அதே சமயம் அந்த மறுப்பில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு நோயினுடையது என்ற கேள்வியும் இருந்தது. அதனால் அதை இறுதி முடிவாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு வாரம் பொறுப்பது என்று கண் மருத்துவரோடு பேசி முடிவு செய்தோம். முற்றிய வெள்ளைப் புரை வீங்கியோ கசிந்தோ கண்ணழுத்தத்தைக் கூட்டலாம். கண் சிவந்து கடும் வலியும் வாந்தியும் வந்தால் அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று மருமகளுக்குச் சொல்லிவைத்தோம்.

அந்த வாரங்களில் காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பக்கத்துத் தெருவில் ஒருவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் அறுவை சிகிச்சைக்குப் பின் கண்ணில் சீழ் வைத்துப் பார்வை போயிருக்கிறது. இந்தப் பயத்தைத் தட்டிக்கழிக்கவில்லை. அப்படி நடப்பதுண்டு, இன்று ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, அதைத் தடுக்கக் கண்ணுக்குள்ளேயே மருந்து வைக்கிறார்கள் என்று உள்ளபடி சொன்னோம். அதே கடைக்குப் பீடி போடும், இரு கண்ணும் அறுவை செய்துகொண்ட இன்னொரு பெண்மணி ஒரு மதியம் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். நாங்கள் சொன்னதைவிட அவர் சொன்னது ஆச்சிக்குள் இறங்கியது.

அடுத்தது சொட்டு மருந்து. நாளைக்கு ஆறு வேளையில் தொடங்கி, ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். "அவ முறத்த விட்டு எந்திரிச்சு எந்திரிச்சு வந்தா அன்னைக்குக் கணக்கு என்னாவும்?" இது சோர்ந்த மனத்தின் பேச்சு இல்லை, கூலிக்கணக்கு தெரிந்தவரின் கேள்வி. காலையும் மாலையும் பேத்தி, மதியம் எதிர்வீட்டுப் பெண், மற்ற வேளை மருமகள் என்று பிரித்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம்.

பணமும் இருந்தது. தன் காரியத்துக்கென்று ஆச்சி கொஞ்சம் முடிந்து வைத்திருந்தார். கண்ணுக்கென்று மகன் அதைக் கேட்டுவிட்டால், தன்னைத் தூக்கும் செலவும் பிள்ளைகள் தலையில் விழுமே என்ற கவலை. முகாம் வழியாகப் போனால் லென்ஸ், தங்கல், சாப்பாடு, போக்குவரத்து எதற்கும் காசில்லை என்று அறிந்தபின்தான் இந்தக் கவலையையே அவர் வாய்விட்டுச் சொன்னார்.

இவை தீர்ந்தபின் எஞ்சி நின்றது வாழப் பிடிக்காமை ஒன்றுதான். அது மருந்தாலும், பேச்சாலும், மாலை வேளை பீடிக் கட்டுகளாலும் மெல்லத்தான் தளர்ந்தது. ஐந்தாவது வாரம் அவரே மருமகளிடம் கேட்டிருக்கிறார்: "அந்தக் கண்ணாசுபத்திரி வண்டி என்னைக்கு வரும்?"

முதல் அறுவை சிகிச்சை

வலக்கண்ணை முதலில் எடுத்தார்கள். பார்வை மோசமான கண் அது, சிக்கல் வரக்கூடிய கண்ணும் அதுதான். இறுகிய புரை என்பதால் தையலில்லாத சிறு கீறல் முறையில் செய்து லென்ஸ் வைத்தார்கள். சிக்கல் எதுவும் இல்லை. மறுநாள் கட்டை எடுத்தபோது பார்வை 6/24, ஒரு மாதத்தில் கண்ணாடியோடு 6/9. ஆட்டுக்கல் பக்கத்துப் பிள்ளைகள் முதல் வாரத்துக்குப் பிறகு வரவில்லை.

கட்டு அவிழ்த்தபின் வந்த சரிவு

எல்லோரும் ஆச்சி சிரிப்பார் என்று எதிர்பார்த்தார்கள். வீடு திரும்பிய மூன்றாம் நாளிலிருந்து அவர் அழத் தொடங்கினார்.

கண்ணாடியில் பார்த்த முகத்தை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கடைசியாக அவர் தன்னைத் தெளிவாகக் கண்டபோது இவ்வளவு சுருக்கமும் வெள்ளை முடியும் இல்லை. மருமகளின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். நுனிகள் தூளின் பழுப்பேறி, நகத்தோரம் வெடித்திருந்தது. தான் சும்மா இருந்த காலமெல்லாம் அந்த விரல்கள் தனக்கும் சேர்த்துச் சுற்றியிருக்கின்றன என்று அழுதார். பிறகு சுவரில் கணவரின் படம். இறந்தபின் பெரிதாக்கி மாட்டியது, இரண்டு ஆண்டாக அதன் கீழேதான் விளக்கேற்றுகிறார். ஆனால் சட்டத்துக்குள் இருக்கும் முகத்தை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

மகனுக்கு ஏமாற்றம். கண் வந்தும் இப்படியா, மாத்திரையைக் கூட்டுங்கள் என்றார். அளவுகோலில் எண் 9. முதலில் வந்த 12-ஐவிட அது குறைவு. தூக்கம் வருகிறது, சாப்பிடுகிறார், சாவைப் பற்றிய பேச்சு இல்லை. இது தள்ளிப்போன துக்கம், நோய் திரும்பியதல்ல என்று மனநல மருத்துவர் கணித்து மருந்தளவைக் கூட்டாமல் விட்டார். மகளை ஒரு வாரம் வந்து இருக்கச் சொன்னோம். அம்மாவும் மகளும் சேர்ந்து அந்த மனிதரைப் பற்றிப் பேசித் தீர்த்தார்கள். அவர் படுக்கையில் இருந்த மாதங்களில் ஆச்சிக்கு அவர் முகம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது என்பதே மகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரத்தில் அழுகை அடங்கியது.

இரண்டாம் கண்

ஒரு கண்ணில் நல்ல பார்வை வந்ததும் இது போதும் என்று நின்றுவிடுவது பலரது வழக்கம். ஆச்சி ஒரு கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்து, "இந்தக் கண்ணுல வேட்டி வெள்ளையா இருக்கு, அந்தக் கண்ணுல டீத்தண்ணில முக்குன மாதிரி இருக்கு" என்றார். பழுப்பேறிய புரை நீல ஒளியைத் தடுப்பதால் வரும் வேறுபாடு அது. அதைவிட முக்கியம், இரு கண்ணும் ஒத்துழைக்காதபோது தூரமும் ஆழமும் பிடிபடாது. டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினார், கடைசிப் படியை இல்லாததென்று நினைத்தார். ஏற்கெனவே விழுந்த அனுபவம் இருந்ததால் தள்ளிப்போட விடவில்லை. இங்கிலாந்தில் 70 வயது தாண்டிய 306 பெண்களிடம் நடந்து 2005-இல் வெளிவந்த ஆய்வில், முதல் கண்ணுக்கு விரைவாக அறுவை செய்தவர்களிடம் விழும் விகிதம் 34 விழுக்காடு குறைந்தது. மனச்சோர்வும் பதற்றமும்கூடக் குறைந்தன. முதல் கண்ணில் தொடங்கிய அந்த முன்னேற்றத்தைப் பாதியில் விட எங்களுக்கு மனமில்லை. ஒன்பது வாரம் கழித்து இடக்கண்ணும் முடிந்தது. இம்முறை சம்மதத்துக்கு ஒரு பேச்சும் தேவைப்படவில்லை.

பிறகு

இரண்டாம் கண் முடிந்து மூன்று மாதத்தில் அளவுகோல் 4 காட்டியது. எடை நான்கு கிலோ கூடியது. தூக்க மாத்திரை இல்லாமல் தூங்குகிறார். பகல் வெளிச்சம் தடையின்றி உள்ளே போவது உடலின் பகல் இரவு ஒழுங்குக்கு உதவும் என்பதால், தூக்கம் திரும்பியதில் கண்ணுக்கும் பங்கிருக்கும். பஸ்ஸின் பெயர்ப்பலகையைத் தானே படித்து மகள் ஊருக்குத் தனியாகப் போய் வருகிறார்.

பீடி சுற்றத் திரும்பவில்லை. "இனி அந்தத் தூளு வாட வேண்டாம்" என்று அவரே முடிவு செய்தார். ஆனால் கடைக்குப் போகும் முன் மருமகளின் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக் கழிவாகப் போகக்கூடியதை முன்னாலேயே எடுத்துவிடுகிறார். இப்போது அந்த வீட்டுக்குக் கழிவு வருவது அபூர்வம் என்று மருமகள் சொல்கிறார்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. மூட்டு வலி இருக்கிறது. கணவரின் திதி நெருங்கும் நாட்களில் ஒடுங்கிவிடுகிறார். செர்ட்ராலின் தொடர்கிறது. முழுமையாகத் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது கொடுத்து, பிறகே படிப்படியாகக் குறைப்பது என்பது திட்டம். திதி கழியும்வரை குறைக்கத் தொடங்க வேண்டாம் என்று ஆச்சியே கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொண்டோம்.

நடைமுறையில் மாறுபவை

எங்கள் இடத்தில் இப்போது சோர்வு, தூக்கமின்மை, உடம்பு வலி, மறதி என்று எந்த முதியவர் வந்தாலும், மருந்துச் சீட்டு எழுதும் முன் ஒவ்வொரு கண்ணாகப் பார்வை சோதிக்கப்படுகிறது. எழுத்தறியாதவர்களுக்கும் பயன்படும் அட்டையைச் சுவரில் மாட்டி, செவிலியரே பார்த்துக் குறித்துவிடுகிறார். பார்வை 6/60-க்குக் கீழே இருந்தால், இல்லாத உருவங்கள் தெரிகின்றனவா என்று நாங்களாகவே கேட்கிறோம். இதை அவர்களாகச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அறுவை சிகிச்சைக்குப் போகும் முன்பே, கட்டு அவிழ்த்த பிறகு சில வாரம் அழுகை வரலாம், அது தோல்வி இல்லை என்று நோயாளிக்கும் வீட்டாருக்கும் சொல்லிவிடுகிறோம். ஆச்சியின் மகன் பட்ட ஏமாற்றத்தைப் பார்த்தபின் சேர்த்துக்கொண்டது இது. சமீபத்தில் துணையை இழந்தவர்களிடம் இதை இன்னும் விரிவாகப் பேசுகிறோம். இரண்டாம் கண்ணுக்கான நாளை முதல் கண்ணின் ஒரு மாதப் பரிசோதனையிலேயே குறித்துவிடும்படி கண் மருத்துவமனையையும் கேட்டிருக்கிறோம்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது முகாம் பட்டியலைப் பற்றியது. அறுவை வேண்டும் என்று சீட்டுப் பெற்றவர்களில் யார் வரவில்லை என்பது பட்டியலிலேயே இருக்கிறது. வராதவர்களைச் சோம்பல் என்றும் அறியாமை என்றும் ஒதுக்கிவிடுகிறோம். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகும் பணியாளர்கள் கையில் அந்தப் பெயர்களைக் கொடுத்து, ஏன் போகவில்லை என்பதோடு இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்கச் சொல்லலாம்: கடந்த இரண்டு வாரமாக எதிலும் விருப்பமில்லாமல் இருக்கிறதா, மனம் சோர்ந்து கிடக்கிறதா. ஆம் என்பவர்களை அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எங்கள் வட்டாரத்தில் இரண்டு கிராமங்களில் இதைத் தொடங்கியிருக்கிறோம். வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசினால் வரும் வாரம்வரை காத்திருக்க வேண்டாம் என்று, 104 மருத்துவ உதவி எண்ணையும் டெலி மானஸ் என்ற தேசிய மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணையும் சொட்டு மருந்துத் தாளின் அடியில் அச்சிட்டுத் தருகிறோம்.